கடைக் கணினியின் சாவி யார் கையில்?

கடந்த ஆண்டு ரமளான் பிறை 24. அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் முதல் ஸஃப்பில் ஒருவர் எழாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவருடைய அத்தா காலத்தில் ஒற்றை அறையாக இருந்த கடை இன்று இரண்டு மாடி, பக்கத்து ஊரில் ஒரு கிளை என்று வளர்ந்திருக்கிறது. பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அந்த நேரத்தில் கல்லாவை விட்டு நகரக்கூட முடியாத மனிதர்.

"என்ன பாய், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் எதுவும் திறக்க மாட்டேங்குது ஹஜ்ரத். எல்லாத்தையும் எவனோ பூட்டிட்டு டாலர்ல காசு கேக்குறான்" என்றார்.

ரான்சம்வேர் என்ற சொல்லை நாளிதழில் படித்திருந்தேன். நம் மஹல்லாவில் ஒருவர் அதனிடம் மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். கடையின் கணினி வேலைகளைப் பார்த்து வந்தவர் உறவுக்காரப் பையன் ஒருவரின் நண்பர். பில் போடும் மென்பொருள், கேமரா, கிளைக்கும் கடைக்கும் இடையிலான இணைப்பு எல்லாம் அவர் போட்டுக் கொடுத்தவை. எட்டு மாதம் முன்பு அவருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஏதாவது கோளாறு என்றால் இரவில் அங்கிருந்தே இணையம் வழியாக இந்தக் கணினியைத் திறந்து சரி செய்வார். அதற்காகத் திறந்து வைத்த வழி திறந்தே கிடந்தது. கடவுச்சொல், கடைப் பெயரும் 123-ம். நகல் எடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது, ஆனால் அது எப்போதும் அதே கணினியில் செருகியே இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டுவிட்டது.

விற்பனை நிற்கவில்லை. கார்பன் தாள் வைத்த பில் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அவரைப் பள்ளிவாசலில் உட்கார வைத்தது வேறொன்று. பெருநாள் ஜவுளிச் சீட்டு. மாதாமாதம் ஒரு தொகை கட்டி, ரமளானில் அதற்கு ஈடாகத் துணி எடுத்துக்கொள்ளும் திட்டம். கட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பீடி சுற்றுபவர்கள், வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கணவன் அனுப்பும் பணத்தில் மிச்சம் பிடித்தவர்கள். யார் எத்தனை மாதம் கட்டினார்கள் என்ற கணக்கு கணினியில் மட்டுமே இருந்தது. அட்டை கொடுத்திருந்தார், ஆனால் பலர் அட்டையைத் தொலைத்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல இருக்குமே" என்ற நம்பிக்கையில் இருந்தார்கள்.

"அட்டை இல்லாம வந்து பத்து மாசம் கட்டினேன்னு சொல்றவங்களுக்கு நான் என்ன செய்யிறது?" என்பதுதான் அவர் கேட்ட மஸ்அலா.

உரிமை கோருபவர் ஆதாரம் கொண்டு வர வேண்டும், மறுப்பவர் சத்தியம் செய்ய வேண்டும் என்பது நம் சட்ட நூல்களின் அடிப்படை விதி. ஆனால் இவர் எதை மறுப்பார்? "நீ கட்டவில்லை" என்று சத்தியம் செய்ய இவருக்கு அறிவு இல்லை. ஆதாரத்தைப் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவரும் இவரே. அவரிடம் அதைச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரசீதுகள், கடைப் பெண்களின் நினைவு, அக்கம்பக்கத்தார் சாட்சி என்று கிடைத்ததையெல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்துக்குக் கேட்டவர்களுக்குக் கேட்டபடி கொடுத்தார். சிலர் கூடுதலாகச் சொல்லியிருக்கக்கூடும். சில பெண்கள், "ஒன்பதா பத்தான்னு நிச்சயமாத் தெரியல, ஒன்பதே வச்சுக்குங்க" என்று குறைத்துச் சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மிவிட்டது.

பெருநாள் முடிந்து ஒரு மாதம் கழித்து, கையில் ஆங்கிலத்தில் ஒரு ஒப்பந்தத்துடன் மீண்டும் வந்தார். கடையின் கணினி நிர்வாகம் முழுவதையும் வெளி நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைக்கப் போகிறாராம். "நீங்க பி.ஏ. படிச்சவங்க, ஒரு தடவை படிச்சுப் பாருங்க" என்றார். நான் படித்தது வரலாறு. ஆனாலும் ஒப்பந்தம் என்பது மத்ரஸாவில் வருடக்கணக்கில் வாசித்த விஷயம் என்பதால் உட்கார்ந்து படித்தேன். அன்று தொடங்கிய தேடலின் பலன்தான் இந்தக் கட்டுரை. நம் சமூகத்தில் ஓரளவு வளர்ந்த கடை, பட்டறை, ஏற்றுமதி நிறுவனம், பள்ளிக்கூடம் நடத்தும் பலரும் இன்று இதே முடிவின் முன் நிற்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளியில் ஒப்படைக்க நினைத்ததில் அவர் தவறு செய்யவில்லை. பத்தாண்டுக்கு முன் ஒரு கடைக்குக் கணினி என்றால் பில் அடிக்கும் இயந்திரம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது அது அரசாங்கத்தோடு பேசும் இயந்திரமாகிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டிய வணிகர்கள், வேறு வணிகர்களுக்குக் கொடுக்கும் பில்லை மின் விலைப்பட்டியலாக அரசின் தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழையவே இரட்டைச் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயம். கடவுச்சொல்லோடு, பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபியும் வேண்டும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் பொதுவாக நிறுத்திக்கொண்டது. நம் கடைகளில் எத்தனை கல்லாக் கணினிகளில் இன்னும் அதுவே ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இவ்வளவையும் கவனிக்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது நடுத்தரக் கடைக்குக் கட்டாது. வைத்தாலும் அந்த ஒருவருக்கு நெட்வொர்க் தெரிந்தால் கணக்கு மென்பொருள் தெரியாது. அவர் லீவு போட்ட நாளில்தான் சர்வர் நிற்கும். விசா வந்தால் போய்விடுவார், போவதைத் தடுக்கவும் நமக்கு உரிமையில்லை. வெளி நிறுவனத்தில் நாலைந்து துறை தெரிந்தவர்கள் இருப்பார்கள், அந்தச் செலவைப் பல கடைகள் பகிர்ந்துகொள்கின்றன. இந்த நியாயம் சரியானது.

ஆனால் பல கடைகளின் சாவியும் ஒரே கொத்தில் தொங்குகிறது என்பதும் அதே நியாயத்தின் மறுபக்கம்.

2021 ஜூலை 2, ஒரு வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் சுதந்திர தின விடுமுறை தொடங்கும் நேரம். கசேயா என்ற நிறுவனத்தின் மென்பொருளை ரீவில் என்ற கும்பல் உடைத்தது. அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்களில் பலர், பிறருடைய கணினிகளைத் தூரத்தில் இருந்து நிர்வகித்துக் கொடுக்கும் நிறுவனங்கள். நம் ஜவுளிக்கடைக்காரர் தேடிப் போன அதே வகை. உடைக்கப்பட்ட நிர்வாக நிறுவனங்கள் ஏறக்குறைய ஐம்பது, அறுபதுதான். அவற்றை நம்பியிருந்த சிறு நிறுவனங்கள் 800 முதல் 1,500 வரை பாதிக்கப்பட்டதாகக் கசேயாவே சொன்னது. பல் மருத்துவர், கணக்காளர் அலுவலகம் போன்ற சிறிய இடங்கள் அதிகம். ஸ்வீடனில் கூப் என்ற மளிகைக் கடைத் தொடர், கல்லா இயந்திரங்கள் வேலை செய்யாமல் தன் 800 கடைகளில் பெரும்பாலானவற்றை மூடியது. கூப் கசேயாவோடு நேரடியாக ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. கூப்புக்குக் கல்லாச் சேவை தந்த நிறுவனம் அதைப் பயன்படுத்தியிருந்தது. நாம் நம்பியவர் யாரை நம்புகிறார் என்று நமக்குத் தெரியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் நடந்தது. 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தை ரான்சம்வேர் தாக்கியது. ஸ்டேட் வங்கியும் டிசிஎஸ்ஸும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது. கூட்டுறவு வங்கிகள், வட்டார கிராம வங்கிகள் ஆகியவற்றின் தொழில்நுட்பத்தைப் பார்த்துக் கொடுத்தது. தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் முன்னெச்சரிக்கையாக அதன் இணைப்பைத் துண்டித்ததில் ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ செய்ய முடியாமல், ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாமல் தவித்தார்கள். மறுநாள் இணைப்பு திரும்பியது. பெரிய பெயர்கள் பின்னால் இருந்தும் இந்த நிலை.

இதைப் படித்துவிட்டு, "அப்போ நாமே பார்த்துக்கலாம்" என்று முடிவெடுப்பவர்களுக்கு இங்கிலாந்தின் கேஎன்பி நிறுவனத்தின் கதையைச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய 500 லாரிகள் ஓட்டிய சரக்குப் போக்குவரத்து நிறுவனம். அதன் முக்கியக் கிளையான நைட்ஸ் ஆஃப் ஓல்டுக்கு 158 வயது. 2023-ல் ஒரு ஊழியரின் பலவீனமான கடவுச்சொல்லை யூகித்து உள்ளே நுழைந்ததாகக் கருதப்படும் கும்பல் எல்லாத் தரவையும் பூட்டியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நிறுவனமே மூடப்பட்டது. சுமார் 700 பேர் வேலை இழந்தார்கள். இணையத் தாக்குதலுக்குக் காப்பீடு இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. ஆக, வெளியில் கொடுத்தாலும் ஆபத்து உண்டு, உள்ளே வைத்தாலும் உண்டு. எதைக் கொடுக்கிறோம், எதைக் கொடுக்காமல் வைத்துக்கொள்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மத்ரஸாவில் ஹிதாயா ஓதியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பாடம் நினைவுக்கு வரும். இஜாரா, அதாவது கூலி ஒப்பந்தத்தில், உழைப்பவரை ஃபுகஹாக்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குத் தன்னை ஒப்படைத்தவர் அஜீர் காஸ். மாதச் சம்பளக்காரர். வேலை வராத நாளிலும் அவர் ஆஜராக இருந்தால் கூலி உண்டு. பலருக்கும் வேலை செய்பவர் அஜீர் முஷ்தரக். சாயம் போடுபவர், துணி வெளுப்பவர், தையல்காரர். அவருக்கு வேலையை முடித்தால்தான் கூலி. வெளுக்கக் கொடுத்த துணி அவரிடம் இருக்கும்போது தொலைந்து போனால் யார் பொறுப்பு என்பதுதான் அந்தப் பாடத்தின் சுவையான இடம். அவர் கையில் அது அமானிதம், அவர் அத்துமீறாதவரை ஈடு கட்ட வேண்டியதில்லை என்கிறார் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவருடைய மாணவர்களான இமாம் அபூயூசுஃபும் இமாம் முஹம்மதும் ஒப்புக்கொள்ளவில்லை. தடுத்திருக்கக்கூடிய இழப்பு என்றால் அவரே பொறுப்பு, பெருந்தீ, தாக்க வந்த எதிரி போன்று யாராலும் தடுக்க முடியாதது என்றால் மட்டும் விலக்கு என்றார்கள். உமர், அலீ (ரலி) இருவரும் இத்தகைய தொழிலாளர்களைப் பொறுப்பாளியாக்கி வந்தார்கள் என்பதையும் அந்த நூல் ஆதாரமாகக் குறிப்பிடுகிறது. ஷாஃபிஈ மத்ஹபில் வலுவான கருத்து, கவனக்குறைவு இல்லையென்றால் ஈடு இல்லை என்பது.

கணினி நிர்வாக நிறுவனம் அஜீர் முஷ்தரக் வகை. திருட்டால் போன துணியும் ரான்சம்வேரால் போன சீட்டுக் கணக்கும் ஒரே கேள்வியைத்தான் எழுப்புகின்றன: அது தடுத்திருக்கக்கூடியதா? தெரிந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளிவந்து மாதக்கணக்காகியும் அதைப் போடாமல் விட்டிருந்தால் நிச்சயம் தடுத்திருக்கக்கூடியதுதான். யாருக்குமே தெரியாத புதிய ஓட்டை வழியாக வந்திருந்தால் அது பெருந்தீ. இமாம்களே கருத்து வேறுபட்ட இடத்தில், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஜவுளிக்கடைக்காரர் கொண்டு வந்த ஒப்பந்தத்தில் நிறுவனம் தன் பக்கத்தை ஏற்கெனவே எழுதியிருந்தது. என்ன இழப்பு நேர்ந்தாலும் அதிகபட்சம் ஒரு மாதக் கட்டணம்தான் ஈடு, அவ்வளவுதான். அவர் அந்தப் பத்தியைக் கவனிக்கவேயில்லை.

மாதம் ஒரு தொகை கட்டுகிறோம், சில மாதம் எந்தக் கோளாறும் வருவதில்லை, அந்தக் கூலி ஆகுமா என்று சிலர் கேட்கிறார்கள். 1998-ல் பஹ்ரைனில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி பராமரிப்பு ஒப்பந்தங்களைப் பற்றி ஆராய்ந்து, உழைப்பை மட்டும் தரும் ஒப்பந்தத்தை இஜாராவாகக் கணித்து, வேலையும் கூலியும் தெளிவாக இருந்தால் கூடும் என்று தீர்மானித்தது. "வேலை தெளிவாக இருந்தால்" என்பதே முக்கியம். "கணினி சம்பந்தப்பட்ட எல்லா உதவியும்" என்று எழுதினால் தெளிவு இல்லை. வாரம் ஒருமுறை திருத்தங்கள் போடுவது, தினமும் நகல் எடுப்பது, மாதம் ஒருமுறை அந்த நகலில் இருந்து தரவை மீட்டுக் காட்டுவது, பில் போட முடியாமல் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் ஆள் வருவது, ரமளான் கடைசிப் பத்திலும் தீபாவளி வாரத்திலும் இரவு பத்து மணிக்கு யார் போன் எடுப்பது என்று எழுதினால் அது வேலை. இப்படி எழுதினால் கோளாறே வராத மாதத்திலும் அவர்கள் உழைத்திருப்பார்கள், கூலியில் சந்தேகமும் வராது.

இப்போது அரசின் சட்டத்துக்கு வருவோம், ஏனெனில் இதைப் பலரும் பெரிய நிறுவனங்களின் விவகாரம் என்று நினைக்கிறார்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெரும்பாலான கடமைகள் பதினெட்டு மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. வாடிக்கையாளரின் பெயர், கைபேசி எண், முகவரியைக் கணினியில் வைத்து, அதை என்ன செய்வது என்று தீர்மானிப்பவர் அந்தத் தரவுக்குப் பொறுப்பாளர். அவர் சொல்லி அந்தத் தரவைக் கையாளும் வெளி நிறுவனம் வெறும் செயலாக்குபவர். சட்டத்தின் 8-ஆம் பிரிவு ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறது: வேறு எந்த ஒப்பந்தம் செய்திருந்தாலும், தன் சார்பில் செயலாக்குபவர் செய்வதற்கும் பொறுப்பாளரே பொறுப்பு. முறையான ஒப்பந்தம் இல்லாமல் செயலாக்குபவரை அமர்த்தவும் கூடாது. நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஒரு ஜவுளிக்கடைக்கு அவ்வளவு விதிக்கப்படும் என்று மிரட்ட நான் வரவில்லை. தவறின் தன்மையையும் அளவையும் பார்த்துத்தான் வாரியம் தொகையை முடிவு செய்யும். ஆனால், "அந்தக் கம்பெனிக்காரன்தான் பார்த்துக்கிட்டான், எனக்கு ஒண்ணும் தெரியாது" என்ற பதில் இனி எடுபடாது. மஹ்ஷரில் எடுபடாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். இப்போது நாட்டின் சட்டமும் அதையே சொல்கிறது.

தரவு கசிந்தால் வாரியத்துக்கும், யாருடைய தரவு கசிந்ததோ அவர்களுக்கும் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கு முழு விவரம் தர வேண்டும் என்கின்றன புதிய விதிகள். இது வரப்போவது. ஏற்கெனவே அமலில் இருப்பதும் உண்டு. செர்ட்-இன் என்ற மத்திய அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஜவுளிக்கடைக்காரருக்கு இது தெரியாது. வளைகுடாவில் இருந்த பையனுக்கும் தெரியாது. புதிதாக வந்த நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "அதெல்லாம் பேங்க்குக்கு ஹஜ்ரத்" என்றார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

சீட்டுப் பட்டியல் என்று எளிதாகச் சொல்கிறோம். அதில் இருப்பது எங்கள் ஊர்ப் பெண்கள் சில நூறு பேரின் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடு எது என்பதைக்கூட அதிலிருந்து ஊகிக்கலாம். கணினியைப் பழுது பார்க்க வரும் ஒவ்வொருவரும் அந்தப் பட்டியலை ஒரு பென்டிரைவில் எடுத்துப் போக முடியும். கடையில் பில் போடும்போது எண் கொடுத்த சில நாளில், பெயர் சொல்லி அழைத்து ஒரு கடன் கம்பெனி பேசியதாக எத்தனை சகோதரிகள் புகார் சொல்கிறார்கள்! நம் வீட்டு வாசலில் அந்நியர் நிற்பதைப் பொறுக்காத நாம், நம்மை நம்பி எண் கொடுத்த பெண்களின் வாசலை யாருக்குத் திறந்து விட்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் அவர்களுடைய ஆட்களில் யார் யாருக்கு அந்தத் தரவைப் பார்க்கும் அனுமதி என்பது பெயரோடு இருக்கட்டும். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றே அவருடைய அனுமதி நீக்கப்பட வேண்டும். பில் மென்பொருளைக் கவனிப்பவர் சீட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

எதைக் கையை விட்டுக் கொடுக்கக் கூடாது என்று கேட்டால், என் பட்டியல் சின்னது. கடையின் இணைய முகவரி உரிமையாளர் பெயரில், உரிமையாளரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் பதிந்து வைத்துவிட்டு, பிரியும்போது பேரம் பேசுவது அடிக்கடி கேள்விப்படுகிற சங்கதி. மின்னஞ்சல், மேகக் கணக்கு எதுவானாலும் முதன்மை நிர்வாகி நாம், அவர்கள் துணை நிர்வாகி. அந்த முதன்மைக் கடவுச்சொல் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பீரோவில் பத்திரங்களோடு இருக்கட்டும். உரிமையாளர் திடீரென மவுத்தாகிவிட்டால் பிள்ளைகளுக்கு அந்தத் தாள்தான் கடையின் சாவி. ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி வரும் கைபேசி எண் கணினிக்காரருடையதாகவோ பழைய கணக்காளருடையதாகவோ இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்து முடிக்கும் முன்பே மாற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

நகலைப் பற்றி இந்தத் துறையில் ஒரு பழைய கணக்கு உண்டு. தரவு மூன்று இடத்தில் இருக்க வேண்டும், இரண்டு விதமான சாதனத்தில், அதில் ஒன்று கடைக்கு வெளியே. வெளியே இருப்பது இணைப்பு துண்டிக்கப்பட்டதாக இருந்தால்தான் ரான்சம்வேர் எட்டாது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி வாரத்துக்கு ஒன்றாக மாற்றி வீட்டுக்கு எடுத்துப் போவது நம் கடைகளுக்குப் போதும். ஆனால் நகல் இருக்கிறது என்று சொல்வது வேறு, அதில் இருந்து மீட்டுப் பார்ப்பது வேறு. மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற நிறுவனத்துக்கு ஸலாம் சொல்லி அனுப்பிவிடலாம்.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கடைகளில் பல கணினிகளில் ஓடுவது திருட்டு விண்டோஸ், உடைத்த கணக்கு மென்பொருள். "எல்லாம் போட்டுத் தந்துடுறேன், லைசென்ஸ் தேவையில்ல" என்று சொல்லும் ஆள்தான் மலிவான ஆள், அவரைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். உடைத்த மென்பொருளோடு சேர்ந்தே நோய் வருகிறது, திருத்தங்களும் ஒழுங்காக வருவதில்லை என்பது ஒருபுறம். 1988-ல் குவைத்தில் அதே ஃபிக்ஹ் அகாடமி, எழுத்து, கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் மதிக்கப்படுபவை, அத்துமீறக் கூடாதவை என்று தீர்மானித்து முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகிறது. ஒரு ரூபாய் வட்டி கலந்துவிடுமோ என்று வங்கிப் புத்தகத்தை என்னிடம் கொண்டு வந்து காட்டும் ஒரு நல்ல மனிதரின் கடையில், மூன்று கணினியிலும் உடைத்த மென்பொருள்தான் ஓடுகிறது. அதைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதேயில்லை. நானும் வெள்ளிமேடையில் பேசியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேலையை நம் சமூகப் பிள்ளைகளுக்கே கொடுக்கலாமே என்று பலர் கேட்பார்கள். கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். நம் பொறியியல் கல்லூரிகளில் இருந்து வெளிவரும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து கடைத்தெருவில் முப்பது கடைகளை ஒப்பந்தத்தில் எடுத்தால், விசாவுக்குக் காத்திருக்காமல் ஊரிலேயே கௌரவமாக வாழலாம். ஆனால் நம்மில் ஒருவர் என்பதற்காக ஒப்பந்தத்தை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. மச்சான் மகனிடம் எப்படிப் பேப்பர் நீட்டுவது என்ற கூச்சம். அவனுக்கும் கூலி ஒழுங்காகக் கிடைப்பதில்லை. "நம்ம பையன்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். வளைகுடாவுக்குப் போன அந்தப் பையனுக்குக் கடையில் இருந்து கடைசி எட்டு மாதம் ஒரு பைசாவும் போகவில்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரவு வேலை முடிந்து வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இலவசமாகத்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கடனைக்கூட எழுதிக்கொள்ளுங்கள் என்று கட்டளையிட்ட மார்க்கத்தில், அந்த வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானதாக இருந்தும், நமக்குள் எழுதுவதைச் சந்தேகத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

அந்த ஒப்பந்தத்தைத் திருப்பி அனுப்பினோம். ஈட்டுத்தொகையை ஒரு மாதத்தில் இருந்து ஒரு வருடக் கட்டணமாக உயர்த்தவும், தாக்குதல் தெரிந்த மூன்று மணி நேரத்துக்குள் கடைக்குச் சொல்லவும், பிரியும்போது தரவு முழுவதையும் படிக்கக்கூடிய வடிவில் திருப்பித் தந்துவிட்டுத் தங்களிடம் உள்ளதை அழிக்கவும், மாதாந்திர மீட்பு ஒத்திகைக்கும் பத்தி சேர்க்கக் கேட்டோம். ஈட்டுத்தொகையைத் தவிர மற்றதற்கெல்லாம் ஒத்துக்கொண்டார்கள். அதற்கு மட்டும் ஆறு மாதம் வரை இறங்கி வந்தார்கள். "கட்டணத்தைக் கூட்டினால் ஒரு வருடம் தருகிறோம்" என்றார்கள். அது நியாயமான பேச்சு என்றே எனக்குப் பட்டது. பொறுப்புக்கு விலை உண்டு. ஆறு மாதத்தில் கையெழுத்தானது.

சீட்டுக் கணக்கு இப்போது கணினியிலும் இருக்கிறது, சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டிலும் இருக்கிறது. கல்லாவில் இருக்கும் பெண் இரண்டிலும் எழுதுகிறார். பணம் கட்டியதும் வாட்ஸ்அப்பில் ரசீது போகிறது. சென்ற மாதம் ஒரு ஜும்ஆ முடிந்து கடைப் பக்கம் போனபோது மேல்மாடியில் அந்த நிறுவனத்துப் பையன் ஒருவர், பழைய கணினி ஒன்றில் முந்தின நாள் கணக்கை மீட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிடம் ஆனது. கடைக்காரர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, திரையில் வந்த பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்து ஒத்துப் பார்த்தார். இரண்டு பெயர் ஒத்து வரவில்லை. பார்த்தால், நோட்டில்தான் விட்டுப் போயிருந்தது.